பட்டாளமா, காக்கியா, கடலோரக் காவலா?

மண்டபத்தில் இருக்கும் என் தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, விடியுமுன்பே கடற்கரை மணலில் ஓடிப் பழகுகிறான். எந்தச் சீருடைக்காக என்று கேட்டேன். "எது முதலில் கிடைக்கிறதோ அது, மாமா" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மரியாதையில் பட்டாளத்துக்கு இணை கிடையாது. 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனி நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர். மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது பெற்றவர். விடுப்பில் வரும் ஜவானுக்கு டீக்கடை பெஞ்சில் தானாகவே இடம் கிடைக்கும். ஆனால் 2022-க்குப் பின் ஜவானாகச் சேர்பவன் அக்னிவீரன்; அதாவது, அக்னிபத் என்ற நான்காண்டுத் திட்டத்தில் சேர்பவன். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய் என்பார்கள். சேவை நிதிக்கு 9,000 பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,000. நான்காண்டு முடிந்ததும் அந்த நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயைத் தந்து அனுப்பிவிடுவார்கள். நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடரலாம். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஊர் தரும் மரியாதை மட்டும் பழைய கணக்கிலேயே ஓடுகிறது.

காக்கியின் கதை தலைகீழ். இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. மேலே அகவிலைப்படி உண்டு, அறுபது வயது வரை வேலை உண்டு. செப்டம்பர் 11-இல் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடி, அக்டோபர் 30-இல் தேவர் குருபூஜைக்குப் பசும்பொன், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் என்று வெயிலில் நின்றே ஆண்டு கழியும். வார ஓய்வுக்கு 2021-இல் அரசாணை வந்தது. பந்தோபஸ்து என்றதும் அந்த ஓய்வு எங்கே போகிறது என்று எந்த ஏட்டையாவிடமும் கேட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் எடுத்தாரா என்றுதான் நாம் பார்ப்போம். இதில் ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2011-இல் பரமக்குடியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில் "உட்காருங்கள்" என்று ஒரு சொல் கேட்டவர்களும் குறைவு.

கடலோரக் காவல்படை? நாவிக் எனும் கடைநிலை மாலுமிப் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய்; அக்னிபத் திட்டத்துக்கு வெளியே, நிரந்தர வேலை. படகு தத்தளித்தால் அவர்களின் அவசர உதவி எண் 1554-ஐ அழைக்கும் அதே மீனவர், இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும்போது "நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்றும் கேட்பார். இருந்தாலும் என் முதல் தேர்வு இதுதான். பொதுப்பணிப் பிரிவு நாவிக் ஆக, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். பையன் படித்தது வணிகவியல். அது தெரியாமல் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்.

மிச்சம் இரண்டில் நான் காக்கியைச் சொன்னேன். 22 வயதில் பெட்டியோடு திரும்பி மறுபடி வேலை தேடுவதைவிட, ஏச்சு வாங்கினாலும் மாதச் சம்பளம் வாங்குவது மேல். தங்கைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பட்டாளத்து உடுப்பில் மகன் படத்தைக் கூடத்தில் மாட்ட, ஆணிகூட அடித்து வைத்துவிட்டாள்.