கெட்டி அட்டையா, பேப்பர்பேக்கா? முதலில் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகமும் புதுப் புத்தகமும் கலந்து விற்கும் கடை ஒன்றின் மாடி. காமிக்ஸ் அலமாரி முன்னால் கல்லூரிப் பையன் ஒருவன் கைக்கொரு புத்தகமாக வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றிருந்தான். இரண்டும் ஒரே கதை. ஒன்று கெட்டி அட்டை போட்ட ஹார்ட்கவர், மற்றது மெல்லிய அட்டை போட்ட பேப்பர்பேக். விலையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். என் கையில் லயன் காமிக்ஸ் ஒன்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா, தமிழா? இதுல எதை எடுக்கலாம்?" என்று கேட்டான். அரை மணி நேரம் பேசினோம். அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் அவனுக்குக் காட்டியது புத்தகத்தின் முதுகை, அதாவது தாள்கள் ஒன்றாகச் சேரும் பக்கத்தை. அட்டையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன். புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து முதுகின் மேல்முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடிந்து, வளைவு வளைவாக வரிசையில் தெரிந்தால் அது நூல் தையல். அந்த ஒவ்வொரு கட்டையும் அச்சகத்தில் ஃபாரம் என்பார்கள். ஃபாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால் நூலே கண்ணில் படும். அப்படி இல்லாமல் சீட்டுக்கட்டு மாதிரி எல்லாத் தாளும் தனித்தனியாக, ஒரே சமமாக நின்றால், மடிப்பை அறுத்துத் தள்ளிவிட்டுச் சூடான பசையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பெயர் பெர்ஃபெக்ட் பைண்டிங். காமிக்ஸ் அச்சாகும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பசை நன்றாகப் பிடிக்காது. மேல்பூச்சில் ஒட்டுமே தவிர நாருக்குள் இறங்காது. வருஷம் ஆக ஆகப் பசை இறுகி, திறக்கும்போது வெடிக்கும். முதுகின் இரண்டு முனையிலும் வண்ணத் துணிப்பட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தையல் என்று நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். நானூறு பக்கத்துக்கு மேல் இருந்த ஒரு ஹார்ட்கவர் தொகுப்பு, ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டாம் முறை படிக்கும்போது நடுவில் முப்பது பக்கம் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. பலகை மாதிரி அட்டை, உள்ளே வெறும் பசை. என்னைக் கேட்டால் வாங்கவே கூடாத வகை இதுதான்: பேப்பர்பேக்கின் பலவீனத்துக்கு ஹார்ட்கவரின் விலை. என் வீட்டில் அதே அலமாரியில் இருக்கும், எர்ஜே வரைந்த டின்டின் பேப்பர்பேக்குகள் பதினைந்து வருஷமாகக் கை மாறிக் கை மாறிப் படிக்கப்பட்டும் குலையாமல் இருக்கின்றன. ஒரு கதை 62 பக்கம்தான். அந்த ஒல்லியான முதுகுக்குப் பசை போதும்.

அப்புறம் படத்தின் பரப்பு. தடித்த பேப்பர்பேக் தட்டையாக விரியாது. இரண்டு பக்கத்துக்கும் பரவிய ஒரு பெரிய படம் வந்தால் அதன் நடுப்பகுதியை முதுகு விழுங்கிவிடும். தைத்த ஹார்ட்கவர் மேசையில் வைத்தால் அப்படியே விரிந்து கிடக்கும். பாலைவனம், மலைத்தொடர், போர்க்களம் என்று அகலமாக வரையப்பட்ட கதைகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் எல்லாக் கதையும் அப்படி வரையப்பட்டதில்லை. 'வாட்ச்மென்' என்ற ஆங்கில சூப்பர்ஹீரோ கதை பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம், மூன்றுக்கு மூன்று என்று கட்டியது. கதையின் தாளமே அந்தச் சின்னக் கட்டங்களில்தான் இருக்கிறது. 2005இல் வந்த அதன் பெரிய அளவு ஹார்ட்கவர் பார்க்க அழகு. இருந்தும் முதல் தடவை படிப்பவருக்கு நான் பேப்பர்பேக்கைத்தான் கையில் கொடுப்பேன்.

ஹார்ட்கவர் என்றாலே பெரிய அளவு என்று நினைப்பதும் தவறு. டின்டின் கதைகளைப் பெரும்பாலும் மூன்று மூன்றாகச் சேர்த்து எட்டுப் புத்தகமாக ஆங்கிலத்தில் ஒரு ஹார்ட்கவர் செட் உண்டு. அதில் பக்கத்தையே சுருக்கிவிட்டார்கள். கடைத்தெருவின் பெயர்ப்பலகை, அலமாரியில் இருக்கும் ஜாடி என்று எர்ஜே பார்த்துப் பார்த்து வரைந்ததை அங்கே கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருக்கிறது. தனித்தனி பேப்பர்பேக்குதான் அளவில் பெரிது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, பேப்பர்பேக்தான்.

எடை பற்றி ஒரு வீட்டுக் காட்சி. 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' முழுத்தொகுப்பு 2005இல் மூன்று ஹார்ட்கவர் புத்தகங்களாகப் பெட்டியில் வந்தது, மொத்தம் ஏறக்குறைய பத்துக் கிலோ. 2012இல் அதே முழுத்தொகுப்பு நான்கு பேப்பர்பேக்குகளாக வந்தது. அல்சூரில் எங்கள் வீட்டில் முதல் செட் இருக்கிறது. அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அந்தப் புத்தகத்தை மடியில் வைத்தால் அவன் கால் மரத்துப்போகிறது. குப்புறப் படுத்துப் படிக்கலாம் என்று பார்த்தால் பக்கத்தின் மேல்பாதி எட்டாது. ஆறு வயதுக் கால்வினும் அவன் புலி ஹாப்ஸும் செய்யும் சேட்டையை ஒரு குழந்தையால் தானாக எடுத்துப் படிக்க முடியவில்லையென்றால் அந்தப் புத்தகம் யாருக்கு? போன தீபாவளிக்கு அவனுக்கென்று பழைய பேப்பர்பேக் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மெட்ரோவிலும் அதுதான், சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்திலும் அதுதான். ஒரு பக்கத்தில் சாம்பார்க் கறைகூட இருக்கிறது. அந்தக் கறையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

ஆங்கிலக் காமிக்ஸில் பொறுத்திருந்தால் பெரும்பாலும் மலிவுப் பதிப்பு வந்துவிடும். கால்வினுக்கு ஏழு வருஷம் ஆயிற்று. 'சாண்ட்மேன்' தொடரின் ஆரம்ப இதழ்களுக்குப் புதிதாக வண்ணம் தீட்டி 2006இல் பெரிய ஹார்ட்கவர் போட்டார்கள். 2010 முதல் அதே புது வண்ணம் பேப்பர்பேக்கிலும் வந்துவிட்டது. 2024இல் பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் தன் புகழ்பெற்ற கதைகளைச் சிறிய அளவு பேப்பர்பேக்காக 9.99 டாலருக்குப் போட ஆரம்பித்தது. அதனால் ஆங்கிலத் தொகுப்பு எதையும், கதையை ஒருமுறை படித்து மனசுக்குப் பிடிக்கும் முன்னால் ஹார்ட்கவரில் வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி.

தமிழில் கணக்கு நேர் எதிர். சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வருகின்றன. பெரிய தொகுப்புகள் முன்பதிவை நம்பி, குறைந்த பிரதிகளே அச்சாகின்றன. வெஸ்டர்ன் கதை நாயகன் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' 2015இல் கெட்டி அட்டையில் ஒரே தொகுப்பாக வந்தது. அப்போது "மெதுவாக வாங்கலாம்" என்று இருந்தவர்கள் இன்று பழைய பிரதிக்கு அலைகிறார்கள். 'இரத்தப் படலம்' தொடரின் பதினெட்டுப் பாகங்களும் 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒன்றாக வந்தன. முழு வண்ணத்தில் மறுபடி பார்க்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தால் மலிவுப் பதிப்பு வரும் என்ற உறுதி தமிழில் கிடையாது. பிடித்த கதை தமிழில் கெட்டி அட்டையில் அறிவிக்கப்பட்டால் உடனே முன்பதிவு செய்யுங்கள், யோசிக்காதீர்கள். பெங்களூருக்குக் கூரியரில் வந்துவிடும். கையில் வாங்கியதும் மூலை நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டைக்கு மூலைதான் முதலில் அடிவாங்கும் இடம்.

இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாங்கள் ஆறு வருஷத்தில் மூன்று வீடு மாறினோம். ஹார்ட்கவர் நிரம்பிய ஒரு சின்னப் பெட்டியை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். சென்னை அளவுக்குப் புழுக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பார்த்த சுவர் ஓதம் காக்கும். அந்தச் சுவரில் அலமாரியைச் சாய்த்தால் ராமபாணப் பூச்சி வரும். துணிப் பைண்டிங்கில் இருக்கும் பசையும் கஞ்சியும் அதற்குத் தீனி. மெல்லிய அட்டைக்கு ஓதத்தில் வேறு கஷ்டம், ஓரம் சுருண்டுகொள்ளும். இரண்டுக்குமே சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வைப்பதுதான் வழி.

கடைசியாக அந்தப் பையனுக்குச் சொல்ல மறந்த மூன்றாவது வழி. நம் வீடுகளில் பாட்டிமார் விகடன், கல்கித் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்களே, அதுவும் ஹார்ட்கவர்தான். ஒல்லியான இதழ்களுக்கு இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சிவாஜிநகரில் ஒரு தமிழ் பைண்டர் பெரியவரிடம் என் பழைய இதழ்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் துருப்பிடித்த பின்னைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். மடிப்பு வழியாகவே ஊசியை விட்டுத் தைத்தார். அட்டைக்கான காலிகோத் துணியை ஒட்டும் முன் நிமிர்ந்து, "ஓரம் வெட்டணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெட்டினால் மேல்வரிசை வசனக் குமிழிகளில் பாதி எழுத்து போய்விடும். பசை விட்டுப்போன பேப்பர்பேக் ஒன்றையும் கூடவே நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, உள் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். தைக்க அரை விரல் இடம்கூட இல்லை, தைத்தால் படத்தின் மேலேயே நூல் ஓடும். "இதை இப்படியே நூல் போட்டுக் கட்டி வச்சுப் படிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.