தலைக்கா, தாடிக்கா, புருவத்துக்கா? பின்மண்டை முடியை எங்கே நடுவது

நெற்றி ஏறிக்கொண்டே போனது, தாடியும் கன்னத்தில் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. முடி நடும் சிகிச்சையில் (ஹேர் டிரான்ஸ்பிளான்ட்) பின்மண்டை முடியைத்தான் வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடுவார்கள். இரண்டுக்கும் எடுத்துக் கொடுக்கிற அளவுக்குப் பின்மண்டையில் அடர்த்தி இல்லை, அங்கே ஒருமுறை பிடுங்கிய வேர் மறுபடி முளைக்கவும் செய்யாது. நான் தாடியைத் தேர்ந்தெடுத்தேன், அதனால் இந்த அலசல் கொஞ்சம் தாடிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. வேரை எடுக்க இரண்டு வழி: எஃப்யூஈ என்றால் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கான துளைக்கருவியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள், எஃப்யூடி என்றால் தோலைப் பட்டையாக வெட்டிப் பிரிப்பார்கள், கோடாகத் தழும்பு நிற்கும். நட்ட முடி சில வாரத்தில் கொட்டும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். எங்கே நட்டாலும் இதே கதைதான்.

நான் பார்க்கச் சொல்வது அதற்கப்புறம் வருகிற பராமரிப்பை. நட்ட முடி போன இடத்துக்கு ஏற்ப மாறாது, எடுத்த இடத்தின் குணத்தோடுதான் வளரும். அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் எழுதியது இதைத்தான், பின்மண்டை முடி எளிதில் கொட்டாத ரகம், வழுக்கையில் நட்டது கொட்டாமல் நிற்பதும் இதனால்தான். ஆனால் அதே குணம் இடத்துக்கு இடம் வேறு வேலை வைக்கிறது.

தலையில் நட்டது நிற்கும், சுற்றி ஏற்கெனவே இருக்கிற முடி நிற்காது. அதைக் காப்பாற்ற ஃபினாஸ்டிரைடு, மினாக்ஸிடில் மாதிரி முடி கொட்டுவதைக் குறைக்கிற மருந்தை வருடக்கணக்கில் தொடர வேண்டும், விட்டுவிட்டால் முன்னால் ஒரு தீவும் அதற்குப் பின்னால் சொட்டையுமாக நிற்க நேரலாம். எனக்கு அந்த மாத்திரை வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றியது.

புருவத்துக்குச் சில நூறு வேர்களே போதும், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அசல் புருவ முடி கொஞ்சம் வளர்ந்து நின்றுவிடும், தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், ஆக கத்தரிக்கோலோடு காலம் முழுக்க உட்கார வேண்டியதுதான். தோலோடு படுத்த கோணத்தில் நடத் தெரியாத கை என்றால் குச்சி குச்சியாக நிற்கும். புருவம் நான் செய்துகொண்டதில்லை, அதனால் இந்தப் பத்தியை அந்த அளவுக்கே நம்புங்கள்.

தாடியில் அந்த வளர்ச்சி ஒரு பிரச்சினையே இல்லை, எப்படியும் டிரிம் செய்யத்தானே போகிறோம்! இன்னொன்று, தலைமுடியை மெலிய வைக்கிற அதே டிஎச்டி ஹார்மோன்தான் தாடியை வளர்க்கிறது, எனவே பக்கத்து முடி கொட்டிவிடுமோ என்ற பயம் இல்லை, மாத்திரையும் இல்லை. குறை இல்லாமல் இல்லை. நட்ட முடி அசல் தாடியைவிட மெல்லிசு, தொட்டால் தெரியும். ஆரம்பத்தில் சில முடி தோலுக்குள்ளேயே சுருண்டு பரு மாதிரி கிளம்பியது. அப்புறம், தாடை நரைக்கத் தொடங்கியும் கன்னம் பின்மண்டையைப் போலக் கருப்பாகவே இருக்கிறது, இனி டை அடிப்பதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பின்மண்டை அடர்த்தியாக இருந்து, மருந்து தொடர்வதில் தயக்கமும் இல்லை என்றால் தலைக்கே போகலாம், அதில் நான் சண்டை போட மாட்டேன். இருபதுகளின் ஆரம்பத்தில் இருப்பவர்கள் மட்டும் தாடிக்கு அவசரப்பட வேண்டாம், அது தானாகவே அடர்த்தியாகிற வயசு. வட்ட வட்டமாகக் கொட்டுகிற புழுவெட்டு இருந்தால் எந்த இடத்துக்கும் முதலில் தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நட்டதையும் சேர்த்துக் கொட்ட வைக்கலாம்.