சன்கோல்டா, டைனி டிம்மா? தொட்டிக்கு எந்தச் செர்ரி தக்காளி

இடம்: சன்கோல்டு 6 அடிக்கு மேல் ஏறும் கொடி ரகம். 20 லிட்டருக்குக் குறையாத செடிப் பையும் உறுதியான கம்பும் வேண்டும். டைனி டிம் ஒன்றரை அடிக்குள் நிற்கும். 5 லிட்டர் தொட்டி போதும்.

விதை: சன்கோல்டு எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது, ஆண்டுதோறும் வாங்க வேண்டும். கிள்ளிய பக்கக் கிளையைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். விதைச் செலவைக் குறைக்க இதுவே நல்ல வழி. டைனி டிம் விதையைச் சேமித்துத் திரும்ப விதைக்கலாம்.

பராமரிப்பு: சன்கோல்டில் இலைக்கக்கத்தில் (இலையும் தண்டும் சேரும் இடத்தில்) வரும் பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ளி, ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் விடுங்கள். டைனி டிம்மில் கிள்ளவே கூடாது. கிளை போனால் காயும் போகும்.

சுவை: இதில் போட்டியே இல்லை. ஆரஞ்சு நிறத்தில் நன்கு முற்றிய சன்கோல்டின் தித்திப்பு டைனி டிம்முக்குக் கிடையாது.

சிக்கல்: சன்கோல்டின் தோல் மெல்லியது. காய்ந்த மண்ணில் திடீரென நீர் பாய்ந்தால் பழம் வெடிக்கும். மழை வருமுன் பழுத்ததைப் பறித்துவிடுங்கள், காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போடுங்கள். டைனி டிம் சில வாரங்களில் காய்த்து ஓய்ந்துவிடும். மாதம் ஒரு தொட்டி விதைத்தால் இடைவெளி விழாது. இரவும் வெக்கையாக இருந்தால் இரண்டிலும் பூ உதிரும். வடகிழக்குப் பருவமழை ஓயும்போது நாற்று தயாராக இருக்கட்டும்.

வெயில் படும் மொட்டைமாடி என்றால் சன்கோல்டு. பால்கனி, சன்னல் விளிம்பு, அடிக்கடி கவனிக்க நேரமில்லை என்றால் டைனி டிம்.