ரூ.38,500 போச்சு: வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக் செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

செட் விற்றவர்கள் இன்று காலை என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். இனிப் பொறுத்துப் பார்க்க ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன்.

மண் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே லெட்டூஸ், பசலை, புதினா வளர்க்கலாம் என்று சொல்லி விற்கும் ஹைட்ரோபோனிக் செட் ஒன்றுக்கு ரூ.38,500 கொடுத்தேன். குழாய் ஸ்டாண்டு, தொட்டி, மோட்டார், எல்இடி லைட், சத்துக் கரைசல், தண்ணீரின் அமில அளவைக் காட்டும் பிஎச் மீட்டர், கூடவே ஒரு வருஷத்துக்கு போனில் ஆலோசனை, எல்லாம் சேர்த்து அந்த விலை. செடி அத்தனையும் செத்துப்போனது. விற்றவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். வீடியோ போட்டு ஆள் பிடித்து, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து, பார்சல் சர்வீஸில் செட் அனுப்புகிற ஆட்கள். கடை, ஆபீஸ் எதுவும் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். எங்கள் தெருவுக்கு சிறுவாணித் தண்ணீர் வருவதில்லை, போர் தண்ணீர்தான். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், கீசர் காயிலில் உப்பு அடைக்கும். இதை முதல் போனிலேயே சொன்னேன். "தம்பி, எங்க தண்ணியில உப்பு ஜாஸ்தி. இது ஒத்து வருமா?" என்று தெளிவாகக் கேட்டேன். அந்தப் பையன் உடனே வீடியோ காலில் வந்தான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து மீட்டரை விட்டான், 7.8 காட்டியது. ஒரு சின்ன பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினான். எண் இறங்கி 6.0-வில் நின்றது. "பாத்தீங்களாக்கா, அவ்வளவுதாங்க. எந்தத் தண்ணியா இருந்தாலும் நாங்க பாத்துக்கறோம். நீங்க சாமி கும்பிட்டுட்டு ஆரம்பிங்க, ஒரு வருஷம் நாங்க கூடவே இருப்போம்." பேச்சில் அத்தனை மரியாதை. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை அன்று மாலையே அனுப்பினேன். ரூ.38,500.

அந்த டம்ளரில் இருந்தது ஆர்ஓ தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். பிறகு கேட்டேன், பதில் இல்லை. உப்பு இல்லாத தண்ணீரில் இரண்டு சொட்டு அமிலம் விட்டால் பிஎச் சட்டென்று இறங்கும். எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் என்ற உப்பு நிறைய. விடுகிற அமிலத்தை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். இன்று இறக்கினால் நாளைக் காலையில் மறுபடி ஏறி நிற்கும். விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தேதான் டம்ளரில் காட்டியிருக்கிறான்.

பார்சல் வந்தது. மஞ்சள் நிறப் பேனா மாதிரி ஒரு மீட்டர். மூடியைத் திறந்தால் உள்ளே வறண்டு கிடக்கிறது. நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது, அதற்கென்று இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தபடி இருக்க வேண்டும். மீட்டரைச் சரிபார்க்க 4.01, 6.86 என்று பிஎச் எண் முன்பே தெரிந்த பஃபர் பொடிப் பொட்டலம் தருவார்கள், அதுவும் இல்லை. கேட்டதற்கு, "ஃபேக்டரியிலயே செட் பண்ணதுக்கா, நீங்க எதையும் தொடாதீங்க" என்றான்.

சத்துக் கரைசல் ஒரே கேனில் வந்தது. அடியில் சுண்ணாம்புச் சேறு போல வெள்ளையாகத் தங்கியிருந்தது. "நல்லா குலுக்கி ஊத்துங்க" என்றார்கள். கால்சியம் நைட்ரேட்டை ஒரு பாட்டிலிலும், மக்னீசியம் சல்பேட், பாஸ்பேட் வகைகளை இன்னொரு பாட்டிலிலும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். அதனால்தான் ஏ, பி என்று இரண்டாக விற்கிறார்கள். கெட்டிக் கரைசலாகவே ஒன்றாகக் கலந்தால் கால்சியம் மற்றதோடு சேர்ந்து படிந்துவிடும், எவ்வளவு குலுக்கினாலும் வேருக்குப் போகாது. லேபிளில் எந்தச் சத்து எத்தனை சதவீதம் என்றுகூட அச்சடிக்கவில்லை. இலைப் படம் ஒன்றும் பெரிய எழுத்தில் 'ஆர்கானிக்' என்றும் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் செடி நன்றாகத்தான் வந்தது. அப்புறம் புதிதாக விடுகிற இலை மட்டும் மஞ்சளாக வந்தது. நரம்பு பச்சையாக இருக்கும், நடுவில் எல்லாம் வெளுத்திருக்கும். இரும்புச் சத்து ஏறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. தொட்டி பிஎச் 5.5-இல் இருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால், பெரும்பாலும் இவர்கள் போடும் ஈடிடிஏ வகை இரும்பு (ஈடிடிஏ என்ற பொருளோடு பிணைத்த இரும்பு) பிடிமானம் விட்டுப் படிந்துவிடும். தொட்டியில் இரும்பு இருக்கும், செடிக்குக் கிடைக்காது. ஆனால் என் மீட்டர் தினமும் 6.1 காட்டுகிறது!

படம் எடுத்து அனுப்பினேன். வெளிச்சம் பத்தவில்லை என்றார்கள். லைட்டை இறக்கினேன். பிறகு வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்றார்கள். ஏற்றினேன். "இன்னும் ரெண்டு மூடி ஊத்துங்கக்கா, சத்து பத்தல" என்றார்கள். ஊற்றினேன், இலை ஓரமெல்லாம் கருகியது. டெக்னிக்கல் டீம் கூப்பிடும் என்றார்கள், யாரும் கூப்பிடவில்லை. சார் மீட்டிங்கில் இருக்கிறாராம். கடைசியில், "செடிக்கும் மருந்துக்கும் வாரண்டி இல்லைங்க மேடம்" என்று ஒரே வரி. அக்கா போய் மேடம் வந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு அடுத்த மெசேஜில் பிரீமியம் கரைசல் ரூ.4,200, வாங்கிப் பாருங்கள் என்று படம் அனுப்புகிறார்கள்! ரூ.38,500 கொடுத்தவளிடம்!

அன்று ராத்திரி அடுப்படியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அந்தச் சாற்றில் மீட்டரை விட்டேன். 6.0. கழுவிவிட்டு சோடா உப்பு கரைத்த தண்ணீரில் விட்டேன். 6.2. எலுமிச்சைச் சாறு 2, 3-க்குள் காட்ட வேண்டும், சோடா உப்பு 8-க்கு மேல் போக வேண்டும். அந்த மீட்டர் எதில் விட்டாலும் ஆறைத்தான் காட்டும். ஆறு காட்டினால் வாங்கினவர் நிம்மதியாக இருப்பார், போன் பண்ண மாட்டார், அதற்கென்றே செய்த பொருள் அது.

பக்கத்து வீட்டுப் பெண் வேளாண்மை படிக்கிறாள். பஃபரில் சரிபார்த்த மீட்டர் கொண்டு வந்து அவள் பார்த்தபோது தொட்டித் தண்ணீர் பிஎச் 7.9. ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு, ஆக நூறு மடங்கு. இசி, அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 3.4. லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 வரை போதும். எங்கள் போர் தண்ணீர் மட்டுமே 1.7. ஒரு சொட்டு சத்து ஊற்றும் முன்பே அந்தத் தண்ணீர் லெட்டூஸுக்கு ஆகாது! முதல் போனில் நான் கேட்ட கேள்விக்கு "உங்க தண்ணிக்கு ஒத்து வராதுங்க, ஆர்ஓவோ மழைத் தண்ணியோ வேணும்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ரூ.38,500 கிடைக்காதே.

செடியைப் பிடுங்கியபோது வேர் பழுப்பேறி வழவழவென்று கையோடு வந்தது. வாடை குடலைப் புரட்டியது. வெயில் நேரத்தில் தொட்டி சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், வேர் அழுகும். தொட்டியை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று அவர்கள் வாயே திறக்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். செட்டுக்கு முன்னால் உங்கள் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், பிஎச் மட்டும் போதாது, இசியும் பைகார்பனேட்டும் கேளுங்கள். ஒரே கேன் கரைசலில் அடியில் படிவு இருந்தால் வாங்காதீர்கள். மீட்டரைத் தனியாக வாங்குங்கள், பஃபர் பொட்டலம் இல்லாத மீட்டர் வேண்டாம். விற்கிறவர் டெமோ காட்டினால் உங்கள் வீட்டுத் தண்ணீரில் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். பில் கேளுங்கள், எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படம்தான் வந்தது. சாட் எதையும் அழிக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். மஞ்சள் மீட்டர், ஒரே கேன் கரைசல், டம்ளரில் இரண்டு சொட்டு டெமோ, இதே வரிசையில் யாரிடமாவது வாங்கி ஏமாந்திருந்தால் பணம் அனுப்பிய ஆதாரத்தோடு எனக்குத் தனிச் செய்தி போடுங்கள். சேர்ந்து கொடுத்தால் புகாருக்கு பலம் அதிகம்.