பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: எனக்குத் தகராறு கிரிப்போடுதான்

எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சொந்தமாக ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டான். வாங்கிய கையோடு கேள்வியும் வந்தது: "அக்கா, மேட்ச்சுக்குப் போகணும்னா இதுல முதல்ல எதை மாத்தணும்?" டிரிகர் பிளேடு, பேலன்ஸ் வெயிட், புது முன் சைட் (குறிபார்க்க உதவும் முன்பகுதி), இன்னொரு காற்றுச் சிலிண்டர் என்று அவனிடம் ஒரு பட்டியலே இருந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என்னுடையது ஐரோப்பியத் தயாரிப்பு. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் தொல்லை எந்தப் பெட்டியைத் திறந்தாலும் வரக்கூடியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரலில் நாம் செய்ய ஒரு வேலையும் இல்லை. வைஸில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தால் பெல்லட்டெல்லாம் ஒரே ஓட்டையில்தான் போய் விழுகிறது. டிரிகர் அதைவிட அருமை. விதிப்படி அதை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது; மேட்ச்சுக்கு முன் பேரலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, எடைக்கட்டியை டிரிகரால் தூக்கிக் காட்ட வேண்டும். டிரிகர் இரண்டு கட்டமாக நகரும்; இரண்டாவதில்தான் சுடும். நான் எடையில் பெரும்பகுதியை முதல் கட்டத்திலேயே வைத்துவிட்டு இரண்டாம் கட்டத்தை லேசாக விட்டிருக்கிறேன். வைத்தது வைத்தபடி நிற்கிறது. எடை சோதனைக்குப் போகும்போது எனக்குப் பதற்றமே இருந்ததில்லை.

அப்புறம் ட்ரை ஃபயர், அதாவது சுடாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது. பெல்லட்டும் காற்றும் செலவில்லாமல் அதே டிரிகர் உணர்வு கிடைக்கிறது. ராத்திரி சாப்பிட்டு முடித்து, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, முன் சைட்டை மட்டும் கவனித்து டிரிகரை அழுத்திக்கொண்டிருப்பேன். என் ஸ்கோர் ஏறியதற்கு ரேஞ்சைவிட இந்தச் சுவர்தான் பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, கிரிப்புக்கு, அதாவது கைப்பிடிக்கு வருகிறேன். பெட்டியில் வந்தது மீடியம். விற்ற கடைக்காரர் என் கை அளவைக் கேட்கவே இல்லை. பிறகு கேட்டபோது மாற்றித் தர முடியாது என்றுவிட்டார். எனக்கு விரல்கள் நீளம், உள்ளங்கை சிறியது. விரல் டிரிகருக்குச் சரியாகப் போகிறது, ஆனால் உள்ளங்கைக் குழியில் இடைவெளி விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு திறந்து பார்த்தால், முன் சைட் பின் சைட்டின் பிளவுக்கு நடுவில் இருக்காது. ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும்தான். ஆனால் மேட்ச்சில் 75 நிமிஷத்தில் 60 ஷாட். நாற்பதைத் தாண்டும்போது மணிக்கட்டு சோர்ந்து, அந்தத் திருப்பலை மறந்துவிடும். ஷாட்டுகள் இலக்கின் ஒன்பது மணிப் பக்கம், அதாவது இடப்பக்கம், நகர ஆரம்பிக்கும்.

இது சின்ன விஷயம் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு சைட்டுக்கும் நடுவே 340 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் சைட்டின் பிசகு பத்து மீட்டரில் கிட்டத்தட்ட முப்பது மடங்காகிறது. கால் மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.; ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மி.மீ.தான். செருப்பு வாங்கினால்கூடப் போட்டு நடந்து பார்த்துத்தான் காசு கொடுக்கிறோம். லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கும் பொருளைக் கையில் பிடித்துப் பார்க்க விடாமல் விற்கிறார்கள் என்றால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கடைசியில் காப்பாற்றியது எம்-சீல். பிசைந்து கிரிப்பின் பக்கவாட்டில் அப்பி, கையில் மெல்லிய பாலித்தீன் கவரைச் சுற்றிக்கொண்டு, சுடும்போது நிற்கிற மாதிரியே நின்று பிடித்து அச்சு எடுத்தேன். இறுகிய பிறகு உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிப் பிடித்தால், எங்கே அழுத்துகிறதோ அங்கே வெள்ளை ஒட்டும். அந்த இடத்தை மட்டும் அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். அவசரப்படக் கூடாத வேலை. இன்னொன்று: விதிப்படி பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஆசைக்கு அப்பிக்கொண்டே போனால் அந்த 50-ல் இடிக்கும். கிரிப்பின் அடியில் கையைத் தாங்கும் உள்ளங்கைத் தட்டின் விளிம்பை மேல்நோக்கி வளைத்துக் கையை அணைக்கிற மாதிரி செய்யவும் விதி இடம் தராது.

நம் ஊர் வியர்வை தனிக் கதை. மே மாதம் ஏசி இல்லாத ரேஞ்சில், வழவழப்பான வால்நட் மரமும் சரி, இறுகிய எம்-சீலும் சரி, கையில் வழுக்கும். மேற்பரப்பெங்கும் கூரான உளியால் நெருக்கமாகப் புள்ளி குத்திச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் பிடி நின்றது.

இப்போது கண்ணை மூடித் தூக்கினாலும் சைட் நடுவில் வந்து நிற்கிறது. கடைசி இருபது ஷாட்டும் முதல் இருபதும் ஒரே மாதிரி விழுகின்றன. டிரிகர் பிளேடு, வெயிட், கலர் சிலிண்டர் எதுவும் எனக்கு இந்த வித்தியாசத்தைத் தந்ததில்லை. அதனால் தம்பிக்கு என் பதில்: கிரிப்பைச் சரிசெய், மற்றதைத் தொடாதே. பழைய பிஸ்டல் விலை குறைவாக வருகிறதே என்று பார்ப்பவர்கள் சிலிண்டரில் உள்ள தேதியைப் படியுங்கள். பொதுவாக அதற்குப் பத்து வருஷம்தான் ஆயுள். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்த இந்த பிஸ்டலையே வாங்கச் சொல்வேனா என்றால், மாட்டேன். டிரிகரிலும் பேரலிலும் ஒரு குறையும் இல்லை, கிரிப்பின் மரவேலையும் நேர்த்தியானது, எல்லோர் கைக்கும் ஒரே கிரிப் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நாற்பதுக்கு மேல் நகர்ந்துபோன அந்த ஷாட்டுகள் இன்னும் மனசில் உறுத்துகின்றன. ஸ்மால், மீடியம், லார்ஜ் மூன்றையும் மேஜையில் வைத்துப் பிடித்துப் பார்க்க விடுகிற கடையில், கொஞ்சம் சுமாரான டிரிகரோடு வேறு பிஸ்டல் கிடைத்தால், அதை வாங்கு என்றுதான் அவனிடம் சொல்லியிருப்பேன்.