எலி வால் கொலாஜன் கரைசல்: ராயபுரத்து ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

புரத மூலக்கூறுகள் தாமாகவே கூடி இழைகளாவதை மாணவர்களுக்குக் கண்முன் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு, எலி வாலிலிருந்து பிரித்தெடுத்த முதல் வகைக் கொலாஜன் (தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் புரதம்) கரைசலையே நான் பரிந்துரைப்பேன். செயற்கைப் பெப்டைடு (குறுகிய அமினோ அமிலச் சங்கிலி) ஜெல்களும் சந்தையில் உள்ளன. ஆனால் அவை உப்புக் கரைசல் பட்டதுமே கெட்டியாகத் தொடங்கிவிடுவதால், இழைகள் வளரும் போக்கைப் பின்தொடர அவகாசம் கிடைப்பதில்லை.

ராயபுரத்தில் உள்ள எங்கள் கல்லூரிக்கு வாங்கியது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் கொலாஜன் கொண்ட குப்பி. அமிலத்தில் மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால் கரைசல் தெளிவாக இருக்கும். பனிக்கட்டியில் வைத்தபடியே பஃபரும் (அமில-கார நிலையை மாறாமல் காக்கும் கரைசல்) சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து அமிலத்தன்மையைப் போக்கி, 37 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுசென்றால், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் அது வெண்மையாக மங்கி ஜெல்லாகிவிடுகிறது. சூடு ஏறினால் ஒழுங்கு குலையும் என்றே பழகிய மாணவர்கள் இங்குதான் வியக்கிறார்கள். கொலாஜனைச் சூழ்ந்து கட்டுண்டிருந்த நீர் மூலக்கூறுகள் விடுபடுவதால் என்ட்ரோபி, அதாவது ஒட்டுமொத்த ஒழுங்கின்மை, கூடுகிறது. அதுவே இழைகள் சேர்வதற்கான உந்துதல். 313 நானோமீட்டர் அலைநீள ஒளியில் கலங்கலை அளந்தால், ஒன்றுமே நடக்காததுபோன்ற தாமதக் கட்டமும், அதன்பின் செங்குத்தான ஏற்றமும், கடைசியில் சமநிலையும் ஒரே வளைகோட்டில் தெளிவாகக் கிடைக்கின்றன.

ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் கொண்ட இம்மூலக்கூறு, முப்புரிக் கயிறுபோல் முறுக்கப்பட்டது. அந்த அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தந்த கங்காரு வால் தசைநாண் அந்த ஆய்வுக்குப் பயன்பட்டது என்பதையும் வகுப்பில் சொல்லத் தவறக் கூடாது.

என் முதன்மையான குறை, குப்பியுடன் வரும் செய்முறைத் தாளைப் பற்றியது. ‘அறை வெப்பநிலை’ என்று அது குறிப்பிடுவது குளிர்நாட்டு அறையையே. குளிர்சாதனம் இல்லாத வடசென்னை ஆய்வக மேசையில், மே மாதத்தில் கரைசல் பைப்பெட் முனைக்குள்ளேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆகவே பைப்பெட் முனைகள், குழாய்கள், பஃபர் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே குளிர்விப்பது இங்கே கட்டாயம். (காசிமேடு அருகில் இருப்பதால் பனிக்கட்டிக்கு மட்டும் எங்களுக்குப் பஞ்சமில்லை.) குறைந்த வெப்பநிலையில் ஜெல்லாகவிட்டால் இழைகள் தடித்து அமைகின்றன என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் வெப்பநிலையைக் கண்டிப்பாகக் குறித்துவைக்க வேண்டும்.

வழங்கிய முகவரின் சேவை சுமார்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் வர வேண்டிய பெட்டி, உள்ளிருந்த பனிப்பொதிகள் முழுவதும் உருகிய நிலையில் வந்தது. முறையிட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். குப்பியை உறைபெட்டியில் வைக்கவே கூடாது என்பதும் அவர்களுடைய ஊழியருக்குத் தெரிந்திருக்கவில்லை.

விலை சற்று அதிகம். அதற்காகப் பெப்சின் என்னும் செரிமான நொதியைக் கொண்டு பிரித்தெடுத்த கொலாஜனை மாற்றாக வாங்கினால், மூலக்கூறின் இரு முனைத் துண்டுகளும் வெட்டுண்டிருப்பதால் ஜெல்லாவது மந்தமாகி, ஒரு செய்முறை வகுப்புக்குள் முடியாமல் போகலாம். சிறிய குப்பியாகவே வாங்குங்கள். வார இறுதியில் சரக்குக் கிடங்கில் கிடக்காதபடி திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள்.