"கட்டிய எடுத்துடலாம் அம்மணி" என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீங்க

திருப்பூர்ப் பக்கத்துப் பெண், 24 வயது, கல்யாணமாகி ஒரு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ். "ரெண்டு பக்கமும் இருக்குது, லேப்ராஸ்கோப்பில எடுத்துடலாம் அம்மணி" என்றார்கள். நகையை அடகு வைத்து அடுத்த வாரமே ஆபரேஷன். எட்டு மாதம் கழித்துத்தான் கணவருக்கு விந்து டெஸ்ட். அணுக்கள் மிகக் குறைவு. சில நூறு ரூபாய் டெஸ்ட், முதல் நாளே எடுத்திருக்க வேண்டியது.

"எடுத்துடலாம்" என்பதே புளுகு. பிசிஓஎஸ்ஸில் எடுக்கக் கட்டியே கிடையாது. ஸ்கேனில் தெரியும் கறுப்பு வட்டங்கள் பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப்பைகள். நடப்பது ட்ரில்லிங், அதாவது கரண்ட் ஊசியால் சினைப்பையில் ஓட்டை போடுவது. ஆண் ஹார்மோன் சுரக்கும் திசு கொஞ்சம் கருகினால் சிலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும்.

இவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் "இருபக்க ட்ரில்லிங் செய்யப்பட்டது" என்று ஒரே வரி. எத்தனை ஓட்டை, எத்தனை வாட்ஸ், ஒன்றும் இல்லை. பரவலான கணக்கு சினைப்பைக்கு 4 ஓட்டை, 40 வாட்ஸ், ஒவ்வொன்றுக்கும் 4 விநாடி. இதைத் தாண்டிச் சுட்டால் முட்டை இருப்பே கரையும். ரத்தக்குழாய் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் சுட்டால் சினைப்பையே சுருங்கிப்போகலாம். சினைப்பையின் மேல்தோல் கருகினால் கருக்குழாயோடு ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் முட்டை வந்தும் குழாய்க்குள் போகாமல் நிற்கலாம். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்த டெஸ்ட் முன்கூட்டி எடுக்காததால், எவ்வளவு போச்சு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ட்ரில்லிங்கே மோசடி என்று சொல்ல வரவில்லை. மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு அது ஒரு வழி. தாளவாடி மலையிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேனுக்கு இறங்கி வர முடியாதவருக்கு, முட்டை வளர்க்கும் ஹார்மோன் ஊசியைவிட அதுவே தோதுப்படும். இரட்டைக் குழந்தைக்கான வாய்ப்பும் குறைவு. ஆனால் முதலில் முட்டை வளர வைக்கும் லெட்ரோசோல் மாத்திரை. மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாளிலிருந்து 5 நாள், 2.5 மி.கி.யில் தொடங்கி, முட்டை வளரவில்லை என்றால் 5, பிறகு 7.5 மி.கி.; டாக்டர் சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போடாதீங்க. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ இறக்கினாலே மாதவிலக்கு ஒழுங்காவதும் உண்டு. இவருக்கு ஒரு மாத்திரைகூடத் தரவில்லை.

ஆபரேஷன் முடிந்து 3 மாதத்தில் முட்டை வரவில்லை என்றால் மாத்திரை சேர்ப்பார்கள். மறுபடி ஓட்டை என்றால் வேறு டாக்டரைப் பாருங்க.

எத்தனை ஓட்டை போட்டார்கள் என்று தெரிய, கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்பு) நகலை எழுத்தில் கேளுங்க. 2002ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். "ரெக்கார்டு ரூம் பூட்டிக் கெடக்குதுங்க" என்பதெல்லாம் செல்லாது.